புலத்திநகரைக் காணுமாறு

அரசன் வீற்றிருந்து நாடாண்ட நகரை இராசதானி என வழங்குகின்றோம். ஈழத்திலே அத்தகைய நகரங்கள் பலவுள. அநுராதபுரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நின்று நிலவியது. அதனை ஒரே நாளிற் கண்டு முடித்தோம் என்பார் கூற்றை நம்புதற்கில்லை. கோட்டையிலும் நல்லூரிலும் பழைய அரச கட்டடங்களுட் கண்ணாற் காணத்தக்கன மிகச் சிலவே. கண்டி இன்றும் மக்கள் நெருங்கி வாழும் பட்டினமாதலின் அங்கே பழமையும் புதுமையும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. பொலன்னறுவையோ இவற்றின் வேறானது. ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுக் காலமே அது தலைநகராய் விளங்கிற்று. பின்னர்க் காடு மூடிற்று. மூடிய காடே பலவற்றைக் காத்தும் வைத்தது. அரண்மனை, அரசவை, கோயில், விகாரை, குளம் ஆகிய யாவும் சில கல் தொலைவுக்குள் அடங்கி நிற்றலின், ஓர் இராசதானி எவ்வாறு அமைந்திருந்தது என்பதை மாணாக்கர் ஒரு பகலில் அறிந்துகொள்ளுதற்கு இதனின் மேலான இடம் இந்நாட்டில் இல்லை என்பது என் துணிபு. 1982ஆம் ஆண்டில் இந்நகரம் உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

எம் தலைமுறையினர் வன்னியிற் பயின்ற காலத்தில் இந்நகரம் வரலாற்றுப் பாடநூலிலுள்ள ஒரு மங்கிய படமாகவே இருந்தது. ஓமந்தைக்குத் தெற்கே போதல் அந்நாளில் எளிதன்று. போனோரும் சுற்றிப்பார்க்கப் போனாரல்லர். 2009ஆம் ஆண்டிற் போர் முடிவுற்று, நெடுஞ்சாலை எல்லார்க்கும் திறந்த பின்னரே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பாடசாலைகள் கல்விச் சுற்றுலாவில் இந்நகரையும் சேர்த்துக்கொண்டன. இப்பொழுது விடுமுறைக் காலங்களில் அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டு, மதவாச்சி, மிகிந்தலை, மரதன்கடவல, அபறணை வழியாகச் சென்று, மின்னேரியாக் குளக்கட்டின் அருகே முகங்கழுவிக் காலையுணவு கொள்ளும் பேருந்துகள் பல. அவ்வாறு செல்லும் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் பயன்படுமென எண்ணியே இதனை எழுதத் துணிந்தேன். எழுதுவதற்கு உடனடிக் காரணமாய் அமைந்தது என் அறியாமை ஒன்றாகும். அதனை முதலிற் சொல்லிவிடுதல் முறை.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்புக் கலைப்பிரிவு மாணாக்கர் நாற்பதின்மரோடு யான் முதன்முறையாக அங்குச் சென்றேன். வழிகாட்டியாக வாய்த்தவர் சிங்களப் பெரியவர் ஒருவர். தமிழும் ஓரளவு பேசுவார். பொறுமையும் நகைச்சுவையும் உடையவர். வழிகாட்டிகள் யாவர்க்கும் பொதுவான ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அரண்மனை; அப்பால் அரசவை மண்டபம்; பின்னர் வட்டதாகே முதலியன நிற்கும் மேட்டு முற்றம்; பின்னர் இலங்காதிலகம்; முடிவில் கல்விகாரை. இவ்வொழுங்கு பேருந்து நிறுத்தும் இடங்களைப் பற்றி அமைந்ததேயன்றி, வரலாற்றைப் பற்றி அமைந்ததன்று. ஐந்து மணி நேரத்துக்குள் நானூறு ஆண்டுச் செய்திகளைச் சொல்லி முடித்தல் வேண்டுமென்னும் இடர் அவர்க்கும் உண்டு. ஆதலின் எண்கள் மிகும், கதைகள் மிகும், நிற்கும் நேரம் குறையும்.

மேட்டு முற்றத்துக்கு வடகிழக்கே ஒரு கிளைப்பாதையில் இரண்டாம் சிவாலயம் எனத் தொல்பொருளியலார் இலக்கமிட்ட சிறு கற்கோயில் நிற்கின்றது. அதன் உண்மைப் பெயர் வானவன்மாதேவி ஈசுவரம். நாங்கள் அதனை அடைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. வழிகாட்டி, “இது சோழர் கட்டியது, பத்து நிமிடம் பார்க்கலாம்” என்றார். மாணவி ஒருத்தி சுவரருகே சென்று கையை வைத்துப் பார்த்துவிட்டு, “ஐயா, இது தமிழ்தானே? என்ன எழுதியிருக்கிறது?” என்று வினவினாள்.

யான் வெளிவாரிப் பட்டத்துக்குத் தமிழையும் வரலாற்றையும் பாடங்களாகக் கொண்டவன். சோழர் சாசனங்களின் சிறப்பியல்புகள் பற்றிய வினாவுக்கு நான்கு பக்கம் விடையெழுதிச் சித்தியும் பெற்றவன். சுவரை உற்றுநோக்கினேன். ககரம் ஒன்று தெரிந்தது. யகரம் போல ஒன்று தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. “பழைய எழுத்து, பிள்ளை” என்று சொல்லி நகர்ந்தேன். அவள் மேலும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டமையே என்னை நெடுநாள் வருத்தியது.

நூல்களை மீண்டும் எடுத்துப் படித்தேன். அவ்வாறு கற்றவற்றுள் ஒரு பகுதியே பின்வருவது.

சோழர் வந்த வரலாற்றை முதலில் நோக்குவோம். முதலாம் இராசராசன் கி.பி. 993ஆம் ஆண்டளவில் ஈழத்தின்மேற் படை செலுத்தினான். அநுராதபுரம் அழிவுற்றது. இதனை மறைத்துப் பேசுதல் வரலாறாகாது. கைப்பற்றிய நாட்டுக்கு மும்முடிச் சோழமண்டலம் எனப் பெயரிட்ட சோழர், அநுராதபுரத்தை மீளக்கட்டி அங்கிருந்து ஆளாமல், தென்கிழக்கே பொலன்னறுவையைத் தலைமைத் தானமாகக் கொண்டனர். அஃது ஏன் எனின், ஈழவரசின் எதிர்ப்பு உருகுணையிலிருந்து எழுந்தது. உருகுணையினின்றும் வடக்கே வருவோர் மகாவலியாற்றின் துறைகளைக் கடந்தே வரல் வேண்டும். அத்துறைகளைக் காவல் செய்தற்குப் பொலன்னறுவை பொருத்தமானது. திருகோணமலைத் துறைமுகமும் அணித்து. முன்னரே அஃது ஒரு படைநிலையாக இருந்தமையைக் கந்தவுறு நுவர என்னும் பழஞ்சிங்களப் பெயர் காட்டும். கந்தவுறு என்பது பாசறை. தமிழ்ச் சாசனங்கள் இவ்வூரைப் புலைநரி என்றும் சனநாதமங்கலம் என்றும் குறிக்கின்றன. சனநாதன் என்பது இராசராசனின் விருதுப் பெயர்களுள் ஒன்று. பாளி நூல்கள் புலத்திநகரம் என வழங்கும்.

ஈழமன்னன் ஐந்தாம் மகிந்தன் 1017ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திரனின் படையாற் சிறைப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அங்கேயே இறந்தான். தஞ்சைப் பெருங்கோயில் நிறைவெய்திய ஆண்டு 1010. ஈழத்து ஊர்கள் சிலவற்றிலிருந்து அக்கோயிலுக்கு நெல்லும் காசும் இலுப்பைப்பாலும் செல்லல் வேண்டுமென்று அங்குள்ள சாசனம் ஒன்று விதிக்கின்றது. ஆகவே ஏறத்தாழ இருநூற்றுப் பதினாறு அடி உயர்ந்து நிற்கும் அவ்விமானத்தின் கீழ் எரிந்த விளக்குகளில் ஈழத்து எண்ணெயும் உண்டு. புலத்திநகரில் நிற்கும் சிறு கோயிலும், தஞ்சையில் நிற்கும் பெருங்கோயிலும் ஒரே அரசின் இரு முகங்கள். ஒன்றைக் கண்டார் மற்றதை நினைத்தல் வேண்டும்.

வானவன்மாதேவி என்பவள் இராசராசனின் தேவியும் இராசேந்திரனின் தாயும் ஆவாள். அவள் பெயரால் எடுத்த இக்கோயில் அடித்தளம் முதற் சிகரம் ஈறாக முழுவதும் கல்லாலாயது. மகன், தாய் பெயரை வென்ற நாட்டிலே நிறுத்தினான் எனலாம். இராசேந்திரன் காலத்துச் சாசனமும், அவனுக்குப் பின் சில காலமே ஆண்ட அதிராசேந்திரன் காலத்துச் சாசனமும் இங்குள்ளன. கருவறையில் இலிங்கம் இன்றும் உளது. விளக்கேற்றிப் பூச்சாத்திச் செல்வோரும் உளர். அரண்மனைக்கும் மேட்டு முற்றத்துக்கும் இடையே நிற்கும் முதலாம் சிவாலயம் இதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் பிற்பட்டது. பாண்டியர் கலைப்பாணி சார்ந்தது. அதன் கற்கள் சாந்தின்றிப் பொருந்தியிருக்கும் நேர்த்தியை மாணாக்கர் விரலால் தடவிப் பார்த்தல் நன்று. மேற்கட்டு செங்கல்லால் அமைந்தமையாற்போலும் வீழ்ந்துவிட்டது.

1907, 1908ஆம் ஆண்டுகளில் தொல்பொருள் ஆணையாளர் பெல் அவர்கள் அகழ்ந்தபோது இவ்வாலயச் சூழலில் வெண்கலத் திருவுருவங்கள் பல வெளிப்பட்டன. நடராசர், உமையம்மை, நாயன்மார், கையிலே தாளம் ஏந்தி மெலிந்த மேனியளாய் அமர்ந்திருக்கும் காரைக்காலம்மையார் என்பன அவற்றுட் சில. 1960ஆம் ஆண்டில் ஐந்தாம் சிவாலயத்திலும் உருவங்கள் கிடைத்தன. ஆனந்த குமாரசுவாமி 1914ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலாலும், சேர் பொன்னம்பலம் அருணாசலம் எழுதிய ஆராய்ச்சியாலும் இவை உலகறியப் பெற்றன. ஆயினும் கோயிலருகே நின்று இவற்றைத் தேடுவார் ஏமாறுவர். ஒரு பகுதி கொழும்பு அருங்காட்சியகத்திலும், ஒரு பகுதி பொலன்னறுவை அருங்காட்சியகத்திலும் உள. அருங்காட்சியகத்தை முதலிலே பார்த்துவிட்டால் வெறுங் கருவறை பின்னர்ப் பேசும். பல குழுக்கள் அதனை மாலைக்கு ஒத்திவைத்து, நேரமின்மையாற் கைவிட்டுவிடுகின்றன. நாங்களும் முதன்முறை அவ்வாறே செய்தோம்.

இனி, அம்மாணவியின் வினாவுக்கு வருவோம். பதினோராம் நூற்றாண்டுத் தமிழெழுத்து நமக்கு ஏன் விளங்குவதில்லை? எழுத்தின் வடிவம் மாறியமை ஒரு காரணம். ஆனால் அது சிறு காரணமே. ஏனைய காரணங்களை அறிந்தால் பாதித் தடை நீங்கும். முதலாவது, மெய்யெழுத்தின் மேற் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. இரண்டாவது, எகர ஏகாரங்களும், ஒகர ஓகாரங்களும் வேற்றுமையின்றி ஒரே வடிவில் எழுதப்படும். இன்று நாம் இரட்டைச் சுழிக்கொம்பு இட்டு நெடிலை வேறாக்கும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தால் நிலைபெற்றது. மூன்றாவது, ஆகாரத்தைக் காட்டும் காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடு மிக நுண்ணியது. சிலர் கையில் அதுவும் இல்லை. எடுத்துக்காட்டாகக் ‘கோயில்’ என்னும் சொல் இன்றைய கண்ணுக்குக் ‘கெரயில’ என்று தோன்றும். இதனைக் கரும்பலகையில் எழுதிக்காட்டியபோது வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் மறுநாள் மறவாதிருந்தது.

நான்காவது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. கல் முடிந்த இடத்தில் வரி முடியாது. அடுத்த கல்லிலே தொடரும். ஐந்தாவது, வடசொற்கள் கிரந்த எழுத்தில் வரும். தொடக்கத்திலுள்ள ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்னும் மங்கல வாசகமே கிரந்தமாதலின், தமிழென்று எண்ணிப் படிக்கத் தொடங்குவார் முதலெழுத்திலேயே இடறுவர். யானும் அங்கேதான் இடறினேன்.

எழுத்தைப் போலவே உள்ளடக்கத்துக்கும் ஓர் ஒழுங்குண்டு. மங்கல வாசகம் முதலில். அதன்பின் அரசனின் வெற்றிகளைக் கூறும் மெய்க்கீர்த்தி. சில சாசனங்களில் இது நீளும். சிலவற்றில் ஓரிரு சொற்களோடு நிற்கும். அப்பால் அரசன் பெயரும், ‘யாண்டு’ என்னும் சொல்லும், ஆட்சியாண்டின் இலக்கமும். தொடர்ச்சியான சகாப்தக் கணக்கு அரிதாகவே வரும். அரசன் முடிசூடியதிலிருந்து எண்ணுவதே வழக்கு. அதன்பின் ஊர், கோயில், கொடையாளி, கொடை. கொடை பெரும்பாலும் விளக்குக்கே. ஆடோ பசுவோ காசோ கொடுத்து, அதன் பயனால் நாளும் எண்ணெயோ நெய்யோ அளக்கச் செய்வர். மன்னர் போர் செய்த நிலத்திற் பொதுமக்கள் ஒரு விளக்கு எரியவேண்டுமென்று கவலைப்பட்டிருக்கின்றனர். இந்த ஒழுங்கை அறிந்தவன் எழுத்து முழுவதையும் வாசியாவிடினும், எந்த இடத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்பதை அறிவான். மருத்துவர் கையெழுத்தை மருந்துக்கடைக்காரர் படிப்பதும் இம்முறையினாலேயே.

சோழர் ஆட்சி 1070ஆம் ஆண்டில் முடிவுற்றது. முதலாம் விசயபாகு உருகுணையிலிருந்து எழுந்து அவர்களை அகற்றினான். ஆனால் அவன் தலைநகரை அநுராதபுரத்துக்கு மீட்டும் கொண்டுசென்றானல்லன். சோழர் அமைத்த நகரையே கொண்டு, அதற்கு விசயராசபுரம் எனத் தன் பெயரை இட்டான். இவன் ஆட்சியின் நாற்பத்திரண்டாம் ஆண்டில், கந்தளாயிலிருந்த சிவன் கோயிலுக்கு நங்கைசானி என்னும் பிராமணக் கைம்பெண் கணவன் பொருட்டுக் கொடையளித்தாள். அதனைக் கூறும் தமிழ்ச் சாசனம் பாலமோட்டையிற் கிடைத்தது. அக்கோயில் விசயராச ஈசுவரம் என்றே பெயர் பெற்றிருந்தது. சோழரைத் துரத்திய மன்னனின் பெயரைச் சிவன் கோயில் தாங்கிற்று. மாணாக்கர் இன்றைய சண்டைகளை அன்றைய கல்லில் ஏற்றிக் காணாதிருக்க இஃதொன்று போதும்.

மேட்டு முற்றத்தில் இதனினும் வியப்பானதொன்று உளது. அடதாகே என்னும் கட்டடத்தின் அயலிலே ஒரு பெரிய தமிழ்ச் சாசனம் நிற்கின்றது. விசயபாகுவின் மறைவையொட்டிய காலத்தது. தந்ததாது இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டமையை அது கூறும். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் எனப் பல பிரிவினர் கூடி, வணிக கணத்தாராகிய வலஞ்சியரையும் நகரத்தாரையும் அழைத்து வைத்து, அக்கோயிலுக்குத் தம் பெயரையே சூட்டி, அதன் ஊர்களையும் பணியாளரையும் பொருளையும் உயிர் கொடுத்தும் காப்போம் எனச் சூளுரைத்தனர். இப்படையினரே சில பதிற்றாண்டுகளுக்கு முன்னர்ச் சோழர்மேற் செல்ல மறுத்து விசயபாகுவுக்கு எதிராகக் கலகம் விளைத்துக் கடுமையாக அடக்கப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்து நோக்குக. புத்தர்பிரானின் தாதுக்கோயிலுக்குத் தமிழில் ஒரு காவலோலை. வழிகாட்டிகள் பெரும்பாலும் இதனைக் கடந்து சென்று, அயலிலுள்ள கல்பொத்தவின் முன் நிற்பர்.

கல்பொத்த என்பது கற்புத்தகம். நிசங்கமல்லன் (1187–1196) தன் பெருமையைச் சிங்களத்திற் பொறித்த ஒற்றைக்கல். ஏறக்குறைய இருபத்தேழு அடி நீளம். நிறை இருபத்தைந்து தொன் என மதிப்பர். மிகிந்தலையிலிருந்து கொணரப்பட்டதென அதுவே உரைக்கின்றது. பேருந்தில் அவ்வழியே வந்த பிள்ளைகளுக்குத் தொலைவு தெரியுமாதலின் அவர்கள் வாய்விட்டு வியப்பர். இம்மன்னனின் சாசனங்கள் பௌத்தரல்லாத சோழரும் கேரளரும் ஈழத்து அரசுகட்டிலுக்கு உரியரல்லர் என வற்புறுத்தும். இராமேசுவரத்தில் நிசங்கேசுவரம் என்னும் கோயிலைக் கட்டுவித்ததாகவும் கூறும். ஒருவன் தன்னைப் பற்றித் தானே எழுதியவற்றை எவ்வளவு நம்பலாம் என்பது உயர்தர மாணாக்கர்க்குரிய நல்ல விவாதப் பொருள். யான் அவன் கூற்றிற் பாதியைக் கழித்துவிடுவேன்.

அரண்மனையைப் பற்றி நீளக் கூறவேண்டுவதில்லை. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) கட்டிய அதனை ஏழு நிலை, ஆயிரம் அறை எனச் சூளவம்சம் புகழும். இன்று நிற்பது பருத்த செங்கற் சுவர்களே. கல்விகாரையின் திருவுருவங்களோ சொல்லுக்கு அடங்கா. கிடந்த கோலம் நாற்பத்தாறு அடி. தலையணையிற் புத்தர்பிரானின் தலை அழுந்திய சிறு பள்ளத்தைக் கருங்கல்லிற் காட்டிய சிற்பியை வணங்கவே தோன்றும். அங்கே காலணியும் தொப்பியும் களைதல் வேண்டும். திருவுருவங்களுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்தலாகாது. ஆவணி மாதத்து நண்பகலில் அக்கற்றரை தோசைக்கல்லுக்கு ஒப்பாகும். கால் சுட்டுத் துள்ளும் பிள்ளைக்குக் கலையுணர்ச்சி உண்டாதல் அரிது. காலையிலே அவ்விடம் செல்லுதலே தக்கது.

வன்னிப் பிள்ளைகள் பிறர் வழிகாட்டலின்றித் தாமே விளங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது பராக்கிரம சமுத்திரம். ஏறக்குறைய பதினான்கு கிலோமீற்றர் நீளக் கட்டு. பழைய குளங்களை ஒன்றோடொன்று இணைத்து, அம்பன் கங்கையின் நீரைக் கால்வாயாற் கொணர்ந்து நிரப்பிய பரப்பு. இன்றைய அளவில் ஏறக்குறைய 2500 எக்டேயர். வேற்றூர் மாணாக்கர் அதனை ஏரி என்று எண்ணிக் காற்று வாங்குவர். இரணைமடுவும் முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் கண்டு வளர்ந்தவர்கள், துருசு எங்கே, வான் எங்கே என்று வினவுவர். எம் குழுவில் விவசாயி மகனொருவன் கட்டில் ஏறிய கணமே நீர்மட்டத்தைப் பார்த்து, “ஐயா, சிறுபோகத்துக்கு இதிலே தண்ணீர் காணும்” என்றான். வழிகாட்டி அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையை யான் மறவேன்.

பழைய குளங்களின் துருசில் பிசோகொட்டுவ என்னும் அமைப்பு உண்டு. கட்டினுள்ளே கல்லால் வரிந்த சதுரக் கிணறு அது. குளத்து நீர் நேரே மதகுவழி பாய்ந்தால் அதன் அழுத்தம் கட்டை அரித்துவிடும். கிணற்றுள் விழுந்து, வேகம் அடங்கி, அளவறிந்து வெளியேறினால் கட்டு நிலைக்கும். இதனை ஆராய்ந்து உலகுக்கு உணர்த்தியவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் என்றி பாக்கர். 1909ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலே இதனை விளக்கியுள்ளார். அரண்மனையின் ஆயிரம் அறைகளைவிட இச்சிறு கிணறே அவ்வரசின் உயிர்நிலை. குளத்தால் நெல், நெல்லால் திறை, திறையால் படையும் கற்கோயிலும். சோழன் வந்தாலும் விசயபாகு வந்தாலும் கட்டிற்கு மண்ணிட்டவர்கள் அவ்வூர்க் குடிகளே.

அவ்வுயிர்நிலை குலைந்த கதையோடு எம் நாட்டின் கதை தொடங்குகின்றது. 1215ஆம் ஆண்டிற் கலிங்க மாகன் நகரைக் கைப்பற்றினான். அவன் படையினர் செய்த அழிவைப் பௌத்த நூல்கள் வருத்தத்தோடு விரித்துரைக்கும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவன் அங்கிருந்து ஆண்டான். சிங்கள அரசு தம்பதெனியாவுக்குப் பெயர்ந்தது. பின்னர் மேலும் தென்மேற்கே சென்றது. வடக்கே யாழ்ப்பாண அரசு எழுந்தது. பராமரிப்பாரின்றிக் குளங்கள் உடைந்தன, குடிகள் பெயர்ந்தனர், காடு பரந்தது. வடக்கும் தெற்கும் இருந்த அரசுகளுக்கு இடைப்பட்ட இக்காட்டு நிலத்திலேதான் பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடக்கம் வன்னிமைகள் தலையெடுக்கின்றன. வன்னி என்னும் பெயரோடு நாம் வாழும் நிலம் அம்மாநகரின் வீழ்ச்சியிற் பிறந்தது. இரண்டாயிரத்தின் முற்பகுதியில் உடைந்த கட்டும் தூர்ந்த வாய்க்காலும் கண்டவர்க்கு இச்செய்தி நூலறிவு மாத்திரமன்று. இதனை யான் பேருந்திலே திரும்பும்போது சொன்னேன். பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பின்னிருக்கைக்காரரும் சற்று நேரம் நிறுத்திக் கேட்டனர். பின்னர் மீண்டும் பாடத் தொடங்கினர்.

சென்ற ஆண்டு வேறொரு வகுப்போடு மீண்டும் சென்றேன். இம்முறை புறப்படுமுன் மூன்று பாடவேளைகளைச் சோழர்கால எழுத்துக்குச் செலவிட்டோம். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, சில உயிர்மெய்கள், அவ்வளவே. அருங்காட்சியகம் முதலில், குளக்கட்டு இரண்டாவது, கல்விகாரை வெயிலேறுமுன், சோற்றுப் பொதி மரநிழலில், சிவாலயங்கள் மாலையில் என்று ஒழுங்கை மாற்றித் தருமாறு வழிகாட்டியை வேண்டினேன். வாய்த்தவர் முன்னைய பெரியவரே. அவர் மறுப்பார் என அஞ்சினேன். அவரோ நகைத்து, “எழுத்தைப் பார்க்க நினைத்தால் மாலையில்தான் வரவேண்டும், ஐயா, அன்றைக்கு நண்பகலில் வந்தீர்கள், அப்போது கல் வெறுங்கல்” என்றார். உச்சி வெயில் நேரே விழுந்தால் வெட்டெழுத்தில் நிழல் இராது. சாய்ந்த ஒளியிலேயே பள்ளம் கறுத்து எழுத்து எழும். கறுத்த நாளில் ரோச்சு விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டிற் பிடித்தாலும் போதும் என்றும் காட்டினார். யான் நூல்களிற் கண்டிராத பாடம் இது. முதன்முறையே கேட்டிருக்கலாம்.

வானவன்மாதேவி ஈசுவரத்தின் சுவரிலே மஞ்சள் வெயில் படிந்தபோது பிள்ளைகள் ஆளுக்கொரு வரியைப் பிடித்துக்கொண்டனர். கல்லைச் சுரண்டலாகாது, சுண்ணக்கட்டி பூசலாகாது, கண்ணாலும் கொப்பியாலும் மாத்திரம் என்பது முன்னரே செய்த கட்டளை. கால் மணி நேரம் கூச்சலே மிகுந்தது. ஒருவன் ரகரம் என்றதை மற்றவன் கால் என்றான். பின்னர் கீழ்வரிசையிற் குந்தியிருந்த சிறுவன் ஒருவன் விரலைக் கல்லிற் படாமல் நகர்த்தி, யா, ண, டு என்று மூன்றெழுத்தைக் கூட்டி, புள்ளியைத் தானே இட்டு, “யாண்டு” என்று உரக்கச் சொன்னான். எல்லாரும் அங்கே ஓடினர். அடுத்து இலக்கம் வரும் என்று நானும் குனிந்தேன். மரங்களுக்குப் பின்னே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எழுத்து ஒவ்வொன்றாகக் கல்லுக்குள் மறைந்தது.

பெரியவர் கைக்கடிகாரத்தை நோக்கவில்லை. “கிழக்குச் சுவருக்குக் காலை வெயில் நன்று, இரவு தங்குவீர்களா?” என்று கேட்டார்.